வயிறு சொல்லும் செய்தி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாலுபேர் கூடியிருக்கும் இடத்திலே பேசுவதற்குச் சற்றுக் கூச்சம் தருவது. தலையிடி என்றால் பேருந்திலே பக்கத்தில் இருப்பவரிடங்கூடச் சொல்கிறோம். பல்வலி என்றால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஆனால், "மலம் ஒழுங்காகக் கழியவில்லை, பசியும் எடுக்கவில்லை" என்பதை மாத்திரம் எவரும் எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெள்ளவத்தையிலே காலி வீதியோரமாக இருக்கும் எந்த மருந்துக்கடையிலும் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள். இருமல் மருந்து கேட்பவர் உரத்துக் கேட்பார். வேறொருவர் கூட்டம் குறையும்வரை ஒதுங்கி நின்று, பின்னர் குரலைத் தாழ்த்தி, "வயிறு போக ஒரு குளிசை" என்று கேட்பார். குளிசை கைக்கு வரும், பணமும் கைமாறும். ஆனால், "ஏன்? எத்தனை நாளாக?" என்று அவரை எவரும் கேட்பதில்லை; அவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சேர்ந்து கேட்கப் போகிறோம்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மலச்சிக்கல் என்பது ஒரு நோயின் பெயரன்று, பசியின்மையும் அப்படியே. இரண்டும் உடல் நமக்கு அனுப்பும் செய்திகள். கடிதம் கொண்டுவந்த தபாற்காரரைத் துரத்திவிட்டால் கடிதத்திலே உள்ள செய்தி மாறிவிடுமா? பேதி மருந்தினால் மாத்திரம் இக்குறையைத் தீர்க்க முயல்வது அத்தகையதே. நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின்னரே மருந்தைப் பற்றி எண்ண வேண்டும் என்று, மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்த முறையும் இதுதான்.

மலச்சிக்கல் என்று எதனைச் சொல்வது? நாள்தோறும் காலையில் ஒருமுறை மலம் கழியாவிட்டால் அது நோய் என்று நம்மிற் பலர் எண்ணுகிறார்கள். இஃது உண்மையன்று. 1965ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வொன்று, அங்கே ஆராயப்பட்டவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் நாளுக்கு 3 முறை என்பதற்கும் வாரத்துக்கு 3 முறை என்பதற்கும் இடைப்பட்டே மலங்கழித்தனர் என்று காட்டியது. இந்த எல்லைக்குள் அவரவர்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் இலகுவாகக் கழிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வாரத்திலே 3 முறைக்குக் குறைந்தாலோ, மலம் இறுகிக் கட்டி கட்டியாய்ப் போனாலோ, முக்கி வருந்த நேர்ந்தாலோ, கழித்த பின்னும் மீதி இருப்பதுபோல் தோன்றினாலோதான் அதனைச் சிக்கல் என்று கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, நெடுநாள் இருந்த வழக்கம் புதிதாக மாறுவதாகும்.

இனி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். நாம் உண்ட உணவு இரைப்பையில் சில மணி நேரமும், சிறுகுடலில் சில மணி நேரமும் தங்கிச் சமிபாடடைகிறது. எஞ்சிய சக்கை கஞ்சிபோலப் பெருங்குடலை அடைகிறது. அங்கே அது ஒருநாளோ இரண்டுநாளோ மெல்ல மெல்ல நகர்கிறது. பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நகர்ச்சி தாமதித்தால் அதிக நீர் உறிஞ்சப்படும்; சக்கை வரண்டு கல்லாகும். நாம் உண்டவுடன், விசேடமாகக் காலை உணவின் பின், இரைப்பை நிரம்புவதனால் பெருங்குடல் விழித்து அசைகிறது. மலங்கழிக்கும் உணர்ச்சி பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. அந்த அழைப்பை மதித்தால் வேலை எளிது. "பிறகு பார்ப்போம்" என்று அடக்கினால் உணர்ச்சி மறைந்துவிடும். மலம் உள்ளேயே காயும்.

பசியின்மைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பெருங்குடலின் இறுதிப் பகுதி நிறைந்து விரிந்திருக்கும்போது, இரைப்பை தன் உணவைக் கீழே தள்ளுவதும் மந்தமாகிறது. வயிறு பாரமாகவே இருக்கும், பசி தோன்றாது. பசி இல்லாதவர் குறைவாக உண்பார். குறைவாக உண்டால் சக்கையும் குறைவு. பெருங்குடலை விழிப்பிக்கும் அசைவும் குறைவு. எனவே சிக்கல் மேலும் கூடும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்த்துச் சுழல்கிறது இவ்வட்டம். எங்கே இது தொடங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அதற்குமுன் ஒரு பழைய அச்சத்தை அகற்றிவிட வேண்டும். மலம் வயிற்றில் தங்கினால் அதன் நஞ்சு இரத்தத்திலே கலந்து உடம்பெங்கும் பரவும் என்று நம் முன்னோர் மாத்திரமல்ல, மேனாட்டு வைத்தியரும் ஒருகாலத்தில் நம்பினர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டனில் புகழோடிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் அர்புத்நொட் லேன் என்பவர், இந்த நம்பிக்கையினாலே நோயாளரின் பெருங்குடலையே அறுத்து அகற்றினார். 1919ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் வால்டர் அல்வாரெஸ் இக்கொள்கையை மறுத்து எழுதினார். மலம் தேங்கும்போது வரும் தலைப்பாரமும் சோர்வும் நஞ்சினால் அல்ல. குடல் விரிவதனால் நரம்புகள் வழியே வருவன என்பது அவர் காட்டிய விளக்கம். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆமணக்கெண்ணெய் பருக்கிய வீடுகளை எங்கள் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். "வயிற்றைக் கழுவுதல்" என்னும் அச்சடங்குக்கு இன்று அவசியம் இல்லை.

பேதி மருந்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடுமையான பேதி மருந்தொன்று பெருங்குடலை முழுவதும் வெறுமையாக்கிவிடுகிறது. வெறுமையான குடல் மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அந்த நாட்களிலே மலம் வராதது இயல்பு. ஆனால், மருந்துண்டவர், "பாருங்கள், மறுபடியும் அடைத்துவிட்டது" என்று கலங்கி அடுத்த குளிசையை விழுங்குகிறார். இவ்வாறு, இல்லாத சிக்கலுக்கு மருந்துண்டு, அம்மருந்தினாலேயே தாம் நோயாளி என்று நம்பி வாழ்பவர்கள் பலர். அடிக்கடி பேதியாவதனால் உடம்பிலே பொற்றாசியம் என்னும் உப்பு குறைந்து தசைகள் தளர்வதும் உண்டு. வைத்தியர் ஆலோசனையுடன் அளவாக உண்ணும் மருந்தை நான் குறை கூறவில்லை. காரணம் தேடாமல் உண்பதையே குறை கூறுகிறேன்.

சரி, காரணத்தை எங்கே தேடுவது? உணவுத் தட்டிலே, வீட்டிலே, மருந்துப் பெட்டியிலே, உள்ளத்திலே, இறுதியாக உடலிலே. இந்த ஐந்து இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உணவுத் தட்டு. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மிய அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பியது. பஞ்ச காலத்துக்கென்று வந்த பாண், பஞ்சம் போன பின்னும் போகவில்லை. கொழும்பிலே காலையிலும் இரவிலும் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீடுகளிலே அதுவே உணவாயிற்று. பாணைப் பழிப்பது என் நோக்கமன்று. கணக்கை மாத்திரம் பார்ப்போம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம். காலையில் காற்பங்கும் இரவில் காற்பங்கும் உண்பவருக்கு அந்த வெள்ளைப் பாணிலிருந்து கிடைக்கும் நார்ச்சத்து ஏறத்தாழ 5 அல்லது 6 கிராம். மதியம் தீட்டிய வெள்ளரிசிச் சோறும் சொதியும் என்றால் இன்னும் ஓரிரு கிராம் சேரும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூன்றிலொரு பங்குகூடக் கிடைக்காதபோது குடலைக் குற்றஞ்சொல்லி என்ன பயன்?

நார்ச்சத்து சமிபாடடையாத பொருள். நீரைப் பிடித்துவைத்து மலத்தை மென்மையாக்குவது. பருமனைக் கொடுத்துக் குடலை அசைப்பது. உகண்டாவிலே நெடுங்காலம் சத்திரசிகிச்சை செய்த டெனிஸ் பேர்க்கிற் என்னும் ஐரிஷ் வைத்தியர், தம் நண்பர்களுடன் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே ஒரு வேற்றுமையைக் காட்டினார். தானியமும் கிழங்கும் உண்ட உகண்டாக் கிராமத்தவருக்கு உணவு வாயிலிருந்து வெளியேற ஏறத்தாழ ஒன்றரை நாள் சென்றது. தீட்டிய உணவு உண்ட பிரித்தானியக் கடற்படையினருக்கு மூன்று நாளுக்கு மேற் சென்றது. இதை அறிய நாம் உகண்டாவுக்குப் போகத் தேவையில்லை. நம் பாட்டிமார் உண்ட குரக்கன் பிட்டும், ஒடியற்கூழும், முருங்கையிலை வறையும், தவிடு போகாத சிவப்பரிசிச் சோறும் இதே பாடத்தைச் சொல்லும். குரக்கன் மாவிலே 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் நார் உண்டு. அவித்த பயறு 100 கிராமிலே ஏறத்தாழ 7 கிராம்; கொய்யாப்பழத்திலே ஏறத்தாழ 5 கிராம். வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைக் கடைகளிலோ இவை கிடைக்காத பொருள்கள் அல்ல.

ஆனால், உணவை மாற்றச் சொல்வதற்குமுன் வாயைத் திறந்து பாருங்கள். முதியவர்களுட் பலருக்குப் பல் இல்லை. செயற்கைப் பல் தளர்ந்து ஈறைக் குத்துகிறது. கீரையும் பழமும் மெல்ல முடியாமல் தேநீரிலே தோய்த்த பாணே அவர்களுக்குப் புகலிடம். அத்தகையவருக்கு நல்ல மருந்து பேதிக் குளிசையன்று, பல் வைத்தியரே. அதுவரை கீரையைக் கடைந்தும், பயற்றைக் குழைய அவித்தும், பப்பாசிப்பழத்தை மசித்தும் கொடுக்கலாம். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும். ஓரிரு வாரங்களிலே படிப்படியாகக் கூட்டுக. கூடவே நீரும் பருகுக. கொழும்பின் புழுக்கத்திலே வியர்வையாய்ப் போகும் நீர் கொஞ்சமன்று. இருதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரளவைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தால் அந்த அளவே சரி.

இரண்டாவது, வீடு. இதைப் பற்றி வைத்திய நூல்கள் அதிகம் சொல்வதில்லை. கொட்டாஞ்சேனையைச் சூழ்ந்த நெருக்கமான தோட்டக் குடியிருப்புக்களிலே பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு மலசலகூடம் இருக்கும் இடங்கள் இன்றும் உண்டு. விடியற்காலையில் வாளியோடு வரிசை. உள்ளே இருப்பவருக்குக் கதவிலே தட்டு. இத்தகைய நிலையிலே குடல் தன் வேளையை எப்படிக் காப்பது? இளம்பெண் பிள்ளைகள் இருளும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலே நாள்முழுதும் நின்று வேலை செய்யும் பெண்கள், சுத்தமான இடம் இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பாடசாலை மலசலகூடத்தின் துர்நாற்றத்துக்கு அஞ்சி வீடு திரும்பும்வரை அடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! பிள்ளை உண்ண மறுக்கிறது, வயிற்றுவலி என்கிறது, உள்ளாடையிலே கறை படுகிறது என்றால் அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிவதே பெரும்பாலும் அதன் காரணம். மலத்தை இளக்கும் மருந்தை வைத்தியர் தருவார். சாப்பாட்டின் பின் பத்து நிமிடம் அச்சமின்றி உட்காரும் பழக்கத்தைத் தாய் தருதல் வேண்டும். பாடசாலையிலே ஒரு சுத்தமான மலசலகூடத்தை நாம் எல்லோரும் சேர்ந்து தருதல் வேண்டும்.

தொடர்மாடி வீடுகளுக்கு வேறொரு குறை உண்டு. ஊரிலே குந்தியிருந்து பழகிய முதியவர் இங்கே நாற்காலிபோன்ற பீடத்திலே உட்காருகிறார். குந்தும்போது மலவாயிலுக்குச் செல்லும் வழி நேராகிறது. நிமிர்ந்து உட்காரும்போது அவ்வழி வளைகிறது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். ஒரு சாண் உயரமுள்ள பலகையொன்றைக் காலடியிலே வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி சற்று முன்சாய்ந்து உட்கார்ந்தாற் போதும். எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரிலே ஒரு பிடி இருந்தால் மிக நன்று.

மூன்றாவது, மருந்துப் பெட்டி. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கிலே தரப்படும் இரும்புக் குளிசையும் கல்சியக் குளிசையும் மலத்தை இறுக்கக்கூடியவை. இரும்பினால் மலம் கறுப்பாகவும் போகும். அதற்காகத் தாய்மார் குளிசையை இரகசியமாக எறிந்துவிடுதல் ஆகாது. குருதிச்சோகை தாயையும் பிள்ளையையும் வருத்தும். மருத்துவிச்சியிடமோ வைத்தியரிடமோ சொன்னால் உண்ணும் முறையை மாற்றித் தருவார்கள். கொடெயின் சேர்ந்த வலி மருந்தும் இருமல் மருந்தும், அலுமினியம் சேர்ந்த அமில முறிப்பு மருந்தும், குருதி அமுக்கத்துக்குத் தரும் வெரபமிலும், மனச்சோர்வுக்குத் தரும் அமிற்றிப்டிலினும், தடிமனுக்கு உண்ணும் சில தூக்கக் குளிசைகளும் மலத்தைக் கட்டுவன. நீரிழிவுக்கு உண்ணும் மெற்போமின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். ஆகவே, வைத்தியரிடம் போகும்போது உண்ணும் மருந்துகள் யாவற்றையும், சுதேச மருந்து உட்பட, ஒரு பையிலே போட்டுக்கொண்டு போங்கள். பல வேளைகளிலே காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

நான்காவது, உள்ளம். இதைச் சற்று நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலே ஐந்தாம் மாடியில் தனியே வாழும் ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னார் என்று நான் சொல்லப்போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. உங்களுள் பலருக்கு அவர் தாயாக இருப்பார், அல்லது அடுத்த வீட்டு ஆச்சியாக இருப்பார். கணவர் காலமாகிவிட்டார். ஒரு மகன் தொரொன்ரோவில், ஒரு மகள் இலண்டனில். வீட்டிலே குளிர்சாதனப் பெட்டி உண்டு. வங்கியிலே பணம் உண்டு. ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று அவர் சமைப்பதைக் குறைத்தார். பின்பு ஒருவேளையைக் கைவிட்டார். மின்தூக்கி பழுதான நாளிலிருந்து சந்தைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் நின்றன. நடை நின்றதும் குடலும் மந்தித்தது. "பசியில்லை, வயிறு போகவில்லை" என்றார். குளிசை வந்தது. நித்திரை இல்லை, எதிலும் விருப்பம் இல்லை, காலையில் எழ மனமில்லை என்பவற்றை அவர் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. நம்மவருக்கு மனச்சோர்வு பெரும்பாலும் உள்ளத்தின் மொழியிலே பேசுவதில்லை. வயிற்றின் மொழியிலேதான் பேசும். இரண்டு வாரங்களுக்குமேல் இத்தகைய நிலை நீடித்தால் அது முதுமையின் இயல்பென்று தள்ளிவிடலாகாது. அது சிகிச்சையினால் தீரக்கூடிய நோய்.

"பசியில்லை" என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, அரிசியும் எரிவாயுவும் எட்டாத விலையானபோது, இந்நாட்டிலே எத்தனையோ குடும்பங்கள் வேளையுணவைக் குறைத்தன. பானையிலே இருப்பது பிள்ளைகளுக்குத்தான் போதும் என்று கண்ட தாய், "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்றாள். அது பொய்; ஆனால் அன்பினால் வந்த பொய். குறைவாக உண்டு உண்டு அவளுடைய குடலும் ஒடுங்கிற்று. அத்தகைய தாய் வைத்தியசாலைக்கு வந்து மலச்சிக்கல் என்று சொன்னால், அவளுக்குக் கொடுக்க வேண்டியது பேதி மருந்தா? பசியில்லை என்பவரிடம், "பசி வரவில்லையா? அல்லது சோறு போதவில்லையா?" என்று அவர் மனம் புண்படாதபடி விசாரித்து அறிவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

ஐந்தாவது, உடல். மேற்சொன்ன காரணங்கள் எவையும் பொருந்தாதபோதும், பொருந்தினாலுங்கூடக் குறை நீடிக்கும்போதும், உடலிலே மறைந்திருக்கும் நோயைத் தேட வேண்டும். கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி மந்தித்தால் உடம்பின் எல்லா வேலையும் மந்திக்கும். கொழும்பு வெயிலிலே மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்க இவர் போர்த்துக்கொண்டிருப்பார். தோல் வரளும், குரல் கரகரக்கும், குறைவாக உண்டும் உடம்பு பருக்கும், மலம் இறுகும். ஓர் இரத்தப் பரிசோதனையே இதனைக் காட்டிவிடும். நாளுக்கொரு குளிசையே இதனைச் சீராக்கிவிடும். நெடுநாள் நீரிழிவு, குடலை இயக்கும் நரம்புகளைப் பாதித்து, இரைப்பையையும் பெருங்குடலையும் தாமதிக்கச் செய்யும். நடுக்குவாத நோயிலே கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலச்சிக்கல் தோன்றுவதுண்டு. ஈரல் நோயும் சிறுநீரக நோயும் பசியை முதலிலே பறிக்கும். பசி குறைந்து, மாலையிலே காய்ச்சல் கண்டு, இரண்டு வாரத்துக்குமேல் இருமலும் இருந்தால் சயரோகத்தை எண்ண வேண்டும். இலங்கையிலே அந்நோயாளர் அதிகமாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்புதான். அதற்குரிய பரிசோதனையும் மருந்தும் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களிலே இலவசம்.

இறுதியாகப் பெருங்குடற் புற்றுநோய். இந்நாட்டிலே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. நேயர்களை அச்சுறுத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. மலச்சிக்கல் உள்ளவர்களுள் மிகப்பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால், உள்ள சிலர் தாமதிப்பதற்குக் காரணம், நான் முதலிலே சொன்ன கூச்சமே. மலத்தோடு இரத்தம் போனால் "மூலமாக்கும்" என்று தாமே முடிவு செய்து, எண்ணெயும் பத்தியமுமாக ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். மூலமாகவே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் பரிசோதித்துப் பார்த்த வைத்தியர். தொடக்கத்திலே கண்டால் இப்புற்றுநோய் குணமாக்கக்கூடியது. முற்றியபின் கண்டால் கைவிரிக்க வேண்டியதாகும்.

ஆகவே, பின்வருவனவற்றை ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள். மலத்திலே இரத்தம், இரும்புக் குளிசை உண்ணாதபோது தார்போன்ற கருமலம், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதிலே தடை, குருதிச்சோகை, வயிற்றிலே கட்டி, ஐம்பதை அண்டியவரிடம் புதிதாக மாறி ஆறு வாரமாகியும் திரும்பாத மல வழக்கம். இவற்றுள் எது கண்டாலும் அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் செல்க. வயிறு ஊதி வலித்து, வாந்தியும் வந்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் அது வாரக் கணக்கில் அன்று, மணிக் கணக்கில் பார்க்க வேண்டிய ஆபத்து. குடலடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுப்பது கொடுமை. மூடிய குழாயிலே அழுத்தத்தை ஏற்றுவதற்கு ஒப்பாகும். கடும் வயிற்றுவலிக்கும் பேதி மருந்து கொடுக்கலாகாது. உடனே 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி இலவசமாக வரும். வெள்ளவத்தையார்க்குக் களுபோவிலையிலே கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனையார்க்குக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையும் உள்ளன. பிறந்த குழந்தைக்கு 48 மணி நேரத்துள் முதல் மலம் போகாவிட்டாலும் வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். மானிப்பாயிலே தொண்டாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் போதித்து, வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்குவித்தார். உடம்பின் எந்த உறுப்பையும் எந்தத் தொழிலையும் இழிவின்றிச் சொல்லத்தக்க மொழி நமது மொழி என்பதை அந்த அந்நியர் நமக்குக் காட்டிச் சென்றார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாதபோது, எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை முறை, இரத்தம் உண்டா, உடல் மெலிந்ததா, என்னென்ன மருந்து உண்கிறோம் என்ற ஐந்து விடயங்களையும் ஒரு துண்டிலே பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்து நீட்டிவிடுங்கள். கூச்சமும் இல்லை, குழப்பமும் இல்லை.

நேயர்களே, விடைபெறுமுன் ஒரு வேண்டுகோள். கடல்கடந்து வாழும் நம் பிள்ளைகள் நாள்தோறும் தொலைபேசியில், "சாப்பிட்டீங்களோ, அம்மா?" என்று கேட்கிறார்கள். "ஓம், மகன்" என்ற விடை உடனே வருகிறது. அந்த விடையை நம்பிவிட வேண்டாம். "என்ன சாப்பிட்டீங்கள், அம்மா? ஆரோடை இருந்து சாப்பிட்டீங்கள்? வயிறு ஒழுங்காகப் போகிறதோ?" என்று இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடுத்த கதவுக்குள் தனியே ஓர் ஆச்சி இருக்கிறார் என்று அறிந்தவர்கள், இன்றைக்கு வீட்டிலே வைத்த கீரைக்கறியிலே ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போய், அவர் உண்டு முடியும்வரை பக்கத்திலே இருங்கள். பேச்சுத்துணையோடு உண்ட பிடி சோறு தனியே உண்ட பாணைவிட எளிதாக இறங்கும். அதன் பின்னரும் அவர் "பசியில்லை" என்றால், கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.